சைக்கிள்காரன் வழக்கு

காலை ஆறே காலுக்கு ஜன்னலைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஓர் ஏர். அது நேராகப் போகவில்லை. வட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

எதிர்ச் சரிவில், கல்லும் புல்லுமாகக் கிடந்த ஒரு துண்டு நிலம். இரண்டு மாடுகள், ஒரு மனிதர். மாடுகள் இரண்டும் இடது பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து இழுத்தன. மனிதர் மேழியைப் பிடித்துக்கொண்டு வலது பக்கமாக இழுத்தார். மாடுகளின் கட்சிதான் ஜெயித்தது. ஏற்கெனவே உழுதிருந்த இடத்தைப் பார்த்தேன். ஜாங்கிரி பிழிந்து விட்டது போல இருந்தது.

பிற்பாடு நான் பத்திரிகையில் சேர்ந்தபோது, கண்டதை முதலில் எழுது, கேட்டதை அப்புறம் எழுது என்று பழக்கினார்கள். அதனால்தான் ஏரை முதலில் எழுதிவிட்டேன். இனிக் கேட்டது.

அறுபதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலையில், விதை கொடுத்து விவசாயம் சொல்லித் தரும் கிராம சேவக் வேலை எனக்கு. ஜமுனாமரத்தூரிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும் ஒரு சிற்றூரில், விதைக் கிடங்கை ஒட்டிய அறையில் குடியிருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு சரிவில் ஏறினேன். ஏர் ஓட்டியவர் என்னைப் பார்த்ததும் மாடுகளை நிறுத்தினார். நிறுத்தினார் என்பதைவிட, அவர் விட்டதும் அவை நின்றன என்பது சரி.

"இன்னா ஆச்சி?" என்றேன். மலைக்கு வந்த சில மாதங்களில் எனக்கும் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா ஆவணும் சார்? ரெண்டும் இடத்து மாடு."

இதை விளக்க வேண்டும். அந்த ஊரில் ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மாடுதான். இரண்டு வீடு சேர்ந்தால் ஓர் ஏர். அதற்கு ஏர்க்கூட்டு என்று பெயர். ஒரு நாள் உன் நிலம், மறுநாள் என் நிலம். கன்றுப் பருவத்திலேயே ஒன்றை நுகத்தின் இடது பக்கத்துக்கும் மற்றதை வலது பக்கத்துக்கும் பழக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் இடத்து மாடு ஆயுசுக்கும் இடத்து மாடுதான். வலது பக்கம் பூட்டினால், தன்னுடைய இடத்தில் வேறு எவனோ நிற்கிறான் என்று நினைத்து அவனை நெட்டித் தள்ளிக்கொண்டே போகும்.

"உங்க கூட்டாளியோட வலத்து மாடு இன்னும் வரலியா?"

"அந்தப் பேச்ச எடுக்காதீங்க சார்."

"இது யாரோட மாடு?"

"எம் மச்சினனுது. பக்கத்து ஊர்லருந்து ஓட்டியாந்தேன். வலத்து மாடுன்னு சொல்லித்தான் குடுத்தான்." மாட்டை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "எல்லாம் அந்த சைக்கிள்காரனால வந்த வினை."

எங்கள் ஊரில் சைக்கிள் கிடையாது. ஏறவும் முடியாத, இறங்கவும் முடியாத பாதையில் சைக்கிளை யார் வைத்துக்கொள்வார்கள்? தெரிந்திருந்தும், அவர் வாயால் வரட்டும் என்று "எந்த சைக்கிள்காரன்?" என்று கேட்டேன்.

"படத்துல வந்தானே!" என்றார்.

அவரை இடத்து மாட்டுக்காரர் என்றே இனிச் சொல்கிறேன். அவருடைய கூட்டாளி வலத்து மாட்டுக்காரர். ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான் அடையாளம் சொல்வார்கள். இருவரும் ஒரே வயது, ஒன்றாக ஆடு மேய்த்தவர்கள். சந்தைக்குப் போனால் ஒருவர் மட்டும் திரும்பி வந்ததாக யாருக்கும் நினைவில்லை. மச்சான், மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

படம் வந்தது முந்தைய வாரம், ஜமுனாமரத்தூர்ச் சந்தை நாளில். வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் லாரியில் கொண்டுவந்திருந்தார். அவருடைய குடும்பம் தோல் வியாபாரம். இவர் ஒருவருக்கு மட்டும் தோல் மண்டி நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை, சினிமா ஒத்துக்கொண்டது. கணியம்பாடி, செங்கம் என்று அடிவாரத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிவிட்டு, முதல் முறையாக மலைக்கு ஏறியிருந்தார். சந்தை கலைந்த மைதானத்தில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் திரை கட்டினார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஒரு கயிறு. லாரியின் மேல் ஜெனரேட்டர்.

இருட்டியதும் முதலில் எங்கள் இலாகா கொடுத்தனுப்பிய செய்திப்படம் ஓடியது. ஜப்பானிய முறையில் நெல் நடுவது எப்படி என்பது விஷயம். பார்த்தவர்கள் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர்கள். "யப்பா, எவ்ளோ தண்ணி!" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. ஊர்க்கவுண்டர், அதாவது எங்கள் ஊர்ப் பெரியவர், அதை முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லா நட்டாங்க" என்று சொல்லிவிட்டுக் கம்பளியை உதறிப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். சினிமா முடிந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். இது பின்னால் ஒரு சிக்கலாயிற்று.

அப்புறம்தான் படம். ஒரு பஞ்சு மில்லில் வேலை செய்யும் இரண்டு சிநேகிதர்கள். ஒருவனுக்கு மீசை. மற்றவனுக்கு மீசை இல்லை, சைக்கிள் இருந்தது. ஊருக்குள் அவர்களுக்கு அந்தப் பெயரே நிலைத்தது. தையல் சொல்லித் தரும் ஒரு பெண். இருவருமே அவளை விரும்புகிறார்கள். மீசைக்காரன் தன் ஆசையைச் சிநேகிதனிடம் சொல்லிவிடுகிறான். சைக்கிள்காரன் தன் ஆசையைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டு, சிநேகிதனுக்காக ஒதுங்கிப் போகிறான். ஒதுங்கிப் போய் ஒரு பாட்டுப் பாடுகிறான். அவளும் தனியாக ஒரு பாட்டுப் பாடுகிறாள்.

ஜெனரேட்டர் சத்தத்தில் வசனம் பாதிதான் கேட்டது. மீதியை பாய் மெஷின் பக்கத்தில் நின்று கத்தினார். "இப்போ இவனுக்கு மனசு கஷ்டம்!" "இவ ஒண்ணும் புரியாம நிக்கிறா!" "அரே, இன்னும் தோஸ்துக்குத் தெரியாது!"

முன் வரிசையில் இடத்து மாட்டுக்காரரும் வலத்து மாட்டுக்காரரும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். சைக்கிள்காரன் மூன்றாவது முறையாக ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் திரும்பியபோது, வலத்து மாட்டுக்காரர் எழுந்து நின்று திரையைப் பார்த்துக் கத்தினார்: "சொல்லித் தொலையேன்டா! வாயில இன்னா கொழுக்கட்டையா?"

"ஒக்காரு மச்சான்" என்று இடத்து மாட்டுக்காரர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். அவருடைய கண்ணில் தண்ணீர் நின்றது. அதை நான் பார்த்தேன். புகை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் மீசைக்காரனுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஒரு பாலத்தின் மேல் இரண்டு பேரும் எதிரெதிராக நிற்கிறார்கள். மீசைக்காரன் கையை ஓங்குகிறான். அடிக்கவா, அணைக்கவா என்று தெரிவதற்குள் திரை வெளுத்துவிட்டது.

பாய் முன்னால் வந்தார். கடைசி ரீல் இருந்த பெட்டி செங்கத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்க வேண்டும், பஸ் வந்தது, பெட்டி வரவில்லை என்றார். "அடுத்த சந்தைக்குக் கொண்டாரேன். எல்லாரும் சும்மாவே வந்து பாருங்க. நம்ம வார்த்தை வார்த்தைதான்."

ஒருவரும் சண்டை போடவில்லை. அவர்கள் பாய்க்காகக் கவலைப்படவில்லை. சைக்கிள்காரன் என்ன ஆவான் என்றுதான் கவலை.

மறுநாள் காலை இரண்டு பேரும் சாமை விதை வாங்கக் கிடங்குக்கு வந்தார்கள். ஆனி மாதம், மேற்கே மேகம் கறுத்திருந்தது. நான் அளந்து கொண்டிருந்தேன். அவர்கள் வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்ததை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

"சிநேகிதம்னா அப்பிடி இருக்கணும் சார்" என்றார் இடத்து மாட்டுக்காரர். "மனசு பூரா ஆச. ஆனா கூட்டாளிக்காக வுட்டுட்டான் பாருங்க."

"வுட்டது இருக்கட்டும்" என்றார் மற்றவர். "சொல்லாம வுட்டான் பாரு, அதான் களவாணித்தனம். கூட்டாளிகிட்ட மறைக்கிறவன் இன்னா கூட்டாளி?"

"சொல்லிட்டா அப்புறம் அதுல தியாகம் எங்க கீது?"

"உம் மாட்டுக் கால்ல முள்ளு குத்தியிருந்தா, சொல்லாம என் மாட்டோட பூட்டுவியா?"

"மாடு வேற, பொண்ணு வேற."

"மறைக்கிறது ஒண்ணுதான்."

"உனக்கு இன்னாடா தெரியும்?" இடத்து மாட்டுக்காரரின் குரல் ஏறிவிட்டது. "இத்தினி வருசமா நான் சொல்லாம கீறேன். உனக்கு எங்கயாச்சும் வலிச்சிதா?"

"இன்னாத்த சொல்லாம கீற?"

அவர் வாயை மூடிக்கொண்டார். ஆனால் பாதி வெளியே வந்துவிட்டது. மீதியையும் சொன்னார். "உம் பொண்டாட்டிய எனக்குத்தான் கேட்டு வச்சிருந்தாங்க. நீ ஆசப்படறன்னு எங்க அத்தை வந்து சொல்லிச்சி. வுட்டுட்டேன்."

வலத்து மாட்டுக்காரர் கையிலிருந்த பையை எடுத்து உதறினார். அதில் இருந்த சாமை தரையில் கொட்டியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் விதையைக் கூட்டி எடுத்தேன்.

அன்று சாயங்காலமே நல்ல மழை. மலைச் சரிவில் ஈரம் நிற்காது. நாலைந்து நாளுக்குள் உழுது விதைத்தால் உண்டு. விட்டால் அடுத்த மழை எப்போது என்று மழைக்கே தெரியாது. ஊர் முழுக்க ஏர் இறங்கியது. இந்த இரண்டு பேரின் மாடுகள் மட்டும் தனித்தனிக் கொட்டகையில் நின்று ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன. இரு வீட்டிலும் தானியக் குதிரின் அடி தெரிந்துவிட்டது என்பது ஊரறிந்த விஷயம். இந்தப் போகம் தவறினால் அடுத்த வருஷம் அடிவாரத்துக்குக் கூலிக்கு இறங்க வேண்டியதுதான்.

வலத்து மாட்டுக்காரர் தம் மாமனாரின் கிழட்டு மாட்டை ஓட்டிவந்தார். அது நுகத்தடியைக் கண்டதும் படுத்துவிட்டது. வாலை முறுக்கினார்கள். அது தலையையும் சாய்த்துக்கொண்டது. இடத்து மாட்டுக்காரர் மச்சினன் மாட்டை வைத்துப் பிழிந்த ஜாங்கிரியைத்தான் முதலிலேயே சொன்னேன்.

இரண்டு வீட்டு நிலவரமும் விதை வாங்க வந்த பெண்கள் மூலம் எனக்கு வந்து சேர்ந்தது. வலத்து மாட்டுக்காரர் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். அடுப்பு ஊதும்போதும், சாணி தட்டும்போதும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "இன்னாத்துக்கு என் மூஞ்சியப் பாத்துக்கினு கீற? ஏரப் பூட்டு" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் பூட்டவில்லை.

இடத்து மாட்டுக்காரர் வீட்டில் நிலைமை வேறு. தியாக விஷயம் அவர் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. சாப்பாட்டு நேரத்தில் அவர் வந்து உட்கார்ந்தால் சட்டி கவிழ்ந்திருக்கும். "தியாகம் பண்ணவருக்குக் கூழு எதுக்கு?" என்று கேட்டாளாம்.

ஏர்க்கூட்டை இஷ்டத்துக்கு முறித்துக்கொள்ள முடியாது. வெற்றிலை மாற்றி ஊர் முன்னால் சேர்ந்தது. விதைப்பு முடியும் முன் பிரிந்தால் ஊர் கூடிக் காரணம் கேட்கும். வட்ட உழவு நடந்த அன்றைக்கே புளியமரத்தடியில் ஊர்க்கவுண்டர் ஆளைக் கூட்டினார். நானும் போனேன்.

"இன்னாடா தகராறு?" என்றார் கவுண்டர்.

"படத்தால வந்தது" என்றார்கள்.

"நானும்தான் பார்த்தேன். நாத்து நட்டாங்க. நல்லாத்தான் நட்டாங்க. அதுல சண்டை எங்க வந்தது?"

அது வேறு, அதற்கப்புறம் வேறொன்று ஓடியது என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தம்மை விட்டுவிட்டு ஊரே இன்னொரு படம் பார்த்திருக்கிறது என்பது அவருக்குப் பிடிக்கவில்லை. "சரி. பாத்தவங்க சொல்லுங்க. ஒருத்தர் ஒருத்தரா" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

இங்கேதான் வழக்கு தடம் மாறியது. ஏர்க்கூட்டு ஏன் முறிந்தது என்று கேட்கக் கூடிய கூட்டம், சைக்கிள்காரனை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியவில்லை. பிற்பாடு பல நீதிமன்றங்களில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறேன். சாட்சிகள் இவ்வளவு ஆர்வமாக வந்து நின்று பார்த்ததில்லை.

"சைக்கிள்காரன்தான் மொதல்ல பொண்ணைப் பாத்தான். மழையில நனைஞ்சிக்கினு நின்னா. குடை குடுத்தான்."

"குடை குடுத்தது மீசைக்காரன்யா!"

"மீசைக்காரன் குடுத்தது பூ."

"ரெண்டு பேரும் குடுத்தாங்க. பாய் அப்பிடித்தான் சொன்னாரு."

கவுண்டர் கையைத் தூக்கினார். "குடைய வுடு. ரெண்டு பேருக்கும் நெலம் எவ்ளோ?"

"நெலம் இல்ல. மில்லு வேலை."

"மாடு?"

"மாடும் இல்ல."

"மாடு இல்லாதவன் சண்டைக்கு, மாடு இருக்கிறவன் ஏன்டா ஏர நிறுத்தினீங்க?"

இடத்து மாட்டுக்காரர் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"சரி, அந்தப் பொண்ணு இன்னா சொல்லிச்சி?"

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"பாடிச்சி" என்றார் ஒருவர்.

"இன்னான்னு?"

"நெலாவப் பத்தி."

"நெலாவ யாரு கேட்டா? இவன் வேணும், அவன் வேணும்னு ஒரு வார்த்தை சொல்லிச்சா?"

"சொல்லல."

"கேட்டாங்களா?"

"ரெண்டு பேருமே கேக்கல."

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். "சாரு, நீங்க டவுன்ல இருந்து வந்தவரு. அங்கெல்லாம் பொண்ணக் கேக்கவே மாட்டாங்களா?"

"படத்துல கேக்க மாட்டாங்க" என்றேன். நிஜத்தில் எப்படி என்று அவர் கேட்காததால் நானும் சொல்லவில்லை.

"பொண்ணு கையில ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்காதவனுங்க, அவள நீ எடுத்துக்கோ நான் எடுத்துக்கறேன்னு பங்கு போட்டானுங்களா? இத்தினி வருசத்துல இப்பிடி ஒரு கேஸு எங்கிட்ட வந்ததில்ல."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து வலத்து மாட்டுக்காரரின் மனைவி எழுந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. அந்த அம்மாள் அதிகம் பேசி நான் கேட்டதில்லை.

"மாமா, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லும்மா. அடுத்து உன்னத்தான் கேக்கலாம்னு இருந்தேன்."

"இவரு என்னை வுட்டுக்குடுத்தேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறாரு. வுட்டுக்குடுக்கறதுக்கு நான் எப்போ இவரு கையில இருந்தேன்? இவரு அத்தை வந்து கேட்டுச்சி. எங்கப்பன் சரின்னாரு. நான்தான் மாட்டேன்னேன்."

இடத்து மாட்டுக்காரரின் குச்சி நின்றது.

"நீ மாட்டேன்னியா?"

"ஆமா."

"அத்தை அப்பிடிச் சொல்லலியே. அவன் ஆசப்படறான், நீ பெரிய மனசு பண்ணுன்னுதான சொல்லிச்சி?"

"மருமவன் மனசு ஒடைஞ்சிடும்னு வேற இன்னா சொல்லும்? பெரிய மனசு பண்ணுன்னா நீங்க பண்ணிக்குவீங்கன்னு அதுக்குத் தெரியாதா?"

கூட்டம் சிரித்தது. பல வருஷமாகச் சுமந்துவந்த தியாகம் ஒரு நிமிஷத்தில் இறங்கிப் போனவரின் முகத்தை நான் பார்த்தேன். கூலி கொடுக்காமல் மூட்டையைப் பிடுங்கிக்கொண்டால் சுமையாளுக்கு அப்படித்தான் இருக்கும்.

வலத்து மாட்டுக்காரரின் முகத்திலோ நாலு நாள் கழித்து வெயில் அடித்தது. மீசையைத் தடவிக்கொண்டார். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"அப்போ என்னைத்தான் வேணும்னு சொன்னியா?" என்று எல்லாரும் கேட்கும்படி கேட்டார்.

"உங்க வூட்டண்ட ஊத்து கீது" என்றாள் அவள். "இவரு வூட்டுக்குத் தண்ணி தூக்கினா மேடு ஏறணும். எங்கக்காவ வேற ஊர்ல மேட்டு வூட்ல குடுத்துட்டு, அது இடுப்பு வலின்னு அழுவறத நான் பாக்கல? அதான் கீழ் வூடு போதும்னேன்."

இந்த முறை சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. கவுண்டரே துண்டால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்காதவர்கள் மூன்று பேர்தான். கூட்டாளிகள் இருவர். மூன்றாவது, இடத்து மாட்டுக்காரரின் மனைவி.

"நான் ஏறிக்கினுதான் கீறேன் அந்த மேட்டுல" என்றாள் அவள். "என்னை எவன் கேட்டான்?"

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார்.

"சைக்கிள்காரன் மேல தப்பு. மீசைக்காரன் மேலயும் தப்பு. ரெண்டு பேரும் இந்த ஊருக்கு வந்தா தெண்டம் போடறேன். நீங்க ரெண்டு பேரும் நாளைக்கே ஏரப் பூட்டணும். யாரு நெலம் மொதல்ல?"

"அவன் நெலம் மொதல்ல ஆவட்டும்" என்றார் இடத்து மாட்டுக்காரர்.

"இல்ல, மச்சான் நெலம் ஆவட்டும். நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்றார் வலத்து மாட்டுக்காரர்.

"உங்க வூட்ல கொழந்தைங்க சின்னது. உன்னுதுதான் மொதல்ல."

"உன் மனசு நொந்திருக்கு. நீ பூட்டு."

"எனக்கு இன்னா நோவு? எனக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் வுட்டுக்குடுக்கறேன்."

"நீ இன்னா எனக்கு வுட்டுக்குடுக்கறது? நான் உனக்கு வுட்டுக்குடுக்கறேன்!"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினார். விட்டுக்கொடுப்பதில் ஒருவரை ஒருவர் அடித்துவிடுவார்கள் போலிருந்தது. கவுண்டர் கைத்தடியைத் தரையில் குத்தினார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களாடா? ஈரம் காயுது!"

"மேட்டு நெலம்தான் மொதல்ல காயும்" என்று ஊற்றுக்காரி உட்கார்ந்தபடியே சொன்னாள். "அதுல மொதல்ல பூட்டச் சொல்லுங்க மாமா. எங்களுது பள்ளம். ஒரு நாள் தாங்கும்." எழுந்து குழந்தையை மாற்றி இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தீர்ப்பு அதுதான் என்று ஊர் எடுத்துக்கொண்டது. கவுண்டர் மறுக்கவில்லை.

மறுநாள் மேட்டு நிலத்தில் இடத்து மாடு இடது பக்கத்திலும் வலத்து மாடு வலது பக்கத்திலும் நின்றன. ஜாங்கிரியின் மேலேயே நேராக உழவு ஓடியது. ஒருவர் மேழி, ஒருவர் விதை. நான் வரப்பில் நின்று கேட்டவரை, படத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"ஊத்துக்காகவாம் மச்சான்" என்றார் வலத்து மாட்டுக்காரர், திரும்பும் முனையில்.

"வுடு மச்சான். எனக்கு மட்டும் இன்னா, மேட்டுக்காவ வாணாம்னுட்டா."

"நான்கூட மீசையப் பாத்துன்னு நெனைச்சேன்."

"உம் மீசையையா?" என்றார் மற்றவர். மாடுகள் மறுபடி நகர்ந்தன.

இருவருக்கும் ஒரே ஆளிடமிருந்து ஒரே அளவு அடி. அதில் ஒற்றுமை வந்துவிட்டிருந்தது. சாயங்காலம்வரை அவளைப் பற்றிச் சேர்ந்து புலம்பினார்கள். அவள் கொண்டுவந்து கொடுத்த கூழைக் குடித்துக்கொண்டே புலம்பினார்கள்.

அடுத்த சந்தை நாளில் பாய் சொன்ன சொல்படி கடைசி ரீலோடு வந்தார். இந்த முறை ஊர்க்கவுண்டர் முன் வரிசையில் உட்கார்ந்து, எது வந்தாலும் எழுந்திருப்பதில்லை என்று சொல்லிவிட்டார். பாலத்தின் மேல் ஓங்கிய கை இறங்கி அணைத்துக்கொண்டது. மீசைக்காரனுக்கும் தையல் டீச்சருக்கும் மாலை. சைக்கிள்காரன் சைக்கிளை விட்டுவிட்டு ரயில் ஏறிக் கையசைத்தான். அவளை இன்னும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தெண்டம் கட்டாம போறான் பாரு" என்றார் கவுண்டர்.

"கவுண்டரே, அவன் எப்பவோ போய்ட்டான். இது பழைய படம்" என்றார் பாய்.

"அடுத்த வண்டிக்கு வரச் சொல்லு."

முன் வரிசையில் அந்த இரண்டு பேருடைய இடம் காலியாக இருந்தது. அன்று கீழ் நிலத்தில் வெளிச்சம் இருக்கும்வரை உழுதுவிட்டு அவர்கள் அலுத்துப் படுத்துவிட்டார்கள். பள்ளம் ஒரு நாள் தாங்கும் என்று அவள் சொன்னது சரிதான். ஆனால் சண்டையில் போனது அதற்கும் மேல். விதை மண்ணுக்குள் போகும்போது மேல்மண் வெளுத்திருந்தது. அடுத்த மழை தாமதமாகத்தான் வந்தது. மேட்டு நிலத்தில் சாமை அடர்ந்து முளைத்தது. கீழ் நிலத்தில் பாதி முளைத்தது. மீதி இடத்தில் புல்.

ஐப்பசியில் அறுத்தார்கள். இரண்டு நிலத்துச் சாமையையும் ஒரே களத்தில் கொட்டி அடித்து, ஒரே குவியலிலிருந்து இரண்டு வீட்டுக்கும் சமமாக அளந்துகொண்டார்கள்.